அட்மிரல் ஜோஷியும் இனயமும்

அன்புள்ள சார்,

கிரேட் நிக்கோபார் துறைமுகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் ஓரிடத்தில் 'ஓய்வுபெற்ற அட்மிரல் ஒருவரின் கையில் தீவுகள் இருக்கின்றன' என்று வருகிறது. அந்த வரி எனக்கு வருத்தமாக இருந்தது. நான் பதினைந்து வருடம் கடற்படையில் மாலுமியாக இருந்தவன். மும்பையில் கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் டாக்யார்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். 2014-இல் சிந்துரத்னா நீர்மூழ்கியில் விபத்து நடந்த அன்றே கடற்படைத் தலைமைத் தளபதி ஜோஷி பதவியை விட்டார். நம் நாட்டில் எந்த அமைச்சர், எந்தச் செயலாளர் அப்படி வீட்டுக்குப் போயிருக்கிறார்? அப்படிப்பட்டவர் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் துணைநிலை ஆளுநராக நிர்வாகத்துக்கு வருவது நல்லதுதானே?

இன்னொன்று. கன்னியாகுமரி மாவட்டத்தில், எங்கள் ஊர்ப்பக்கம் இனயத்தில் வரவிருந்த துறைமுகத்தை வேண்டாம் என்று விரட்டினோம். இன்று பக்கத்தில் கேரளத்து விழிஞ்ஞத்தில் துறைமுகம் ஓடுகிறது. நம் மலைகளை உடைத்து டாரஸ் லாரியில் கல் போகிறது. நமக்கு என்ன மிச்சம்? நிக்கோபாரில் ஒரு அட்மிரல் இருப்பதால் வேலை நடக்கிறது. இங்கே ஆளாளுக்குப் பேசினோம், ஒன்றும் நடக்கவில்லை. நான் நினைப்பது தப்பா?

கருங்கல்லிலிருந்து ஒரு வாசகர்
(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

ஜோஷியின் ராஜினாமாவை நீங்கள் மதிக்கும் அளவுக்கு நானும் மதிக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பலருக்கு அந்தக் கதை தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தேவேந்திர குமார் ஜோஷி 1974-இல் கடற்படை அதிகாரியானவர். நீர்மூழ்கிகளைத் தேடி அழிக்கும் போர்முறையில் தேர்ச்சி பெற்றவர். குதார், ரண்வீர், அப்புறம் விமானந்தாங்கிக் கப்பலான விராட் என்று ஒன்றைவிட ஒன்று பெரிய கப்பல்களுக்குக் கேப்டனாக இருந்தார். நடுவில் சிங்கப்பூர் தூதரகத்தில் பாதுகாப்பு ஆலோசகர். போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இருக்கும் முப்படைக் கூட்டுத் தலைமையகத்துக்கும் தளபதியாக இருந்திருக்கிறார். ஆக, அந்தத் தீவுகள் அவருக்குப் புதிய இடம் இல்லை. 2012 ஆகஸ்ட் 31 அன்று கடற்படையின் தலைமைத் தளபதி ஆனார்.

அடுத்த ஆண்டு, 2013 ஆகஸ்ட் 14, நள்ளிரவு. மும்பை டாக்யார்டில் நிறுத்தியிருந்த சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து அங்கேயே மூழ்கியது. உள்ளே இருந்த 18 பேரும் இறந்தார்கள். அதன்பின் சின்னதும் பெரியதுமாகக் கடற்படைக் கப்பல்களில் விபத்துகள் வந்துகொண்டே இருந்தன. 2014 பிப்ரவரி 26 அன்று சிந்துரத்னா. மும்பைக்கு அப்பால் கடலில் சோதனை ஓட்டத்தில் இருந்தபோது மூன்றாவது அறையில் புகை கிளம்பியது. நீர்மூழ்கியில் புகை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். டீசல் நீர்மூழ்கியில் படுக்கும் இடத்துக்குக் கீழேயே 200-க்கு மேற்பட்ட பேட்டரி செல்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் ஆளைவிடக் கனமானது. அங்கே தீ வந்தால் சன்னலைத் திறக்க முடியாது, வெளியே ஓடவும் முடியாது. அந்த அறையை அடைத்து மற்ற அறைகளைக் காப்பாற்றுவதுதான் வழி. கப்பல் பிழைத்தது. உள்ளே அகப்பட்ட இரண்டு இளம் அதிகாரிகள் இறந்தார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஜோஷி ராஜினாமா கொடுத்தார். பதவிக்காலம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பாக்கி இருந்தது. அரசாங்கம் அன்றே ஏற்றுக்கொண்டது. விபத்துக்குத் தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகிய முதல் கடற்படைத் தலைமைத் தளபதி அவர்தான்.

எந்த அமைச்சர் போனார் என்று கேட்டீர்கள். ஒருவர் போனார், அதுவும் நம் மாநிலத்தில் நடந்த விபத்துக்காக. 1956 நவம்பரில் அரியலூரில் ரயில் ஆற்றில் விழுந்தபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த வரிசையில் ஜோஷியை வைத்துத்தான் பார்க்கிறேன். கடற்படையில் இதற்கு ஒரு பழைய மரபும் இருக்கிறது. கப்பல் தரை தட்டினால், அந்த நேரத்தில் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் கேப்டன்தான். காவலில் இருந்தவனைக் கைகாட்டிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நாற்பது வருடம் அந்த மரபில் வளர்ந்தவர், தன் படை முழுவதையும் ஒரே கப்பலாகப் பார்த்தார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அதே ஆண்டு ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் காரணத்தையும் சொன்னார். சாரம் இதுதான்: பொறுப்பு ஓரிடத்தில் இருக்கிறது, அதிகாரம் வேறோரிடத்தில் இருக்கிறது. கப்பலைப் பற்றித் தெரிந்தவன், விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவன், அவன் கையில் ஒரு பேட்டரியை மாற்ற முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. இந்தப் பேச்சை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது.

2017 அக்டோபரில் அவர் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் துணைநிலை ஆளுநர் ஆனார். படையில் இருந்தவர்கள் அந்த நாற்காலிக்கு வருவது புதிதில்லை. அவருக்கு முன் லெப்டினன்ட் ஜெனரல் பூபிந்தர் சிங்கும் லெப்டினன்ட் ஜெனரல் ஏ.கே. சிங்கும் அங்கே இருந்திருக்கிறார்கள். மலாக்கா நீரிணையின் வாயில் இருக்கும் தீவுகள், கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் 2012 முதல் ஐ.என்.எஸ். பாஸ் விமானத்தளம் இயங்குகிறது, ஆகவே கடல் தெரிந்தவர் இருக்கட்டும் என்று டெல்லி நினைப்பதில் நியாயம் உண்டு. ஆளைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அந்த நாற்காலி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

புதுச்சேரியும் யூனியன் பிரதேசம்தான். அங்கே சட்டமன்றம் இருக்கிறது, முதலமைச்சர் இருக்கிறார், துணைநிலை ஆளுநரோடு அவர்கள் போட்ட சண்டையைப் பேப்பரில் படித்திருக்கிறோம். அந்தமானில் சட்டமன்றமே கிடையாது. மக்கள் தேர்ந்தெடுப்பது ஒரே ஒரு எம்.பி., அப்புறம் நகரசபை, பஞ்சாயத்துகள். நிக்கோபார் மாவட்டத்தில் பழங்குடி கவுன்சில்கள் இருக்கின்றன. துணைநிலை ஆளுநர் உள்துறை அமைச்சகத்துக்குப் பதில் சொல்பவர். தீவுகளின் வளர்ச்சி முகமைக்கும் அவரே துணைத்தலைவர். தலைவர் உள்துறை அமைச்சர். தீவில் இருப்பவன் 'வேண்டாம்' என்று சொன்னால் அந்தச் சொல் யார் காதில் போய் விழும்? விழுந்தாலும், அதை மதிக்காதவருக்கு அதனால் என்ன நஷ்டம் வரும்?

இனயத்தில் நஷ்டம் வந்தது. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. கடலைத் தூர்த்துப் பெட்டகத் (கன்டெய்னர்) துறைமுகம். கடற்கரை ஊர்கள் எழுந்தன. கோவில் முற்றத்தில் கூட்டம், கிராமசபையில் தீர்மானம், ஆட்சியர் அலுவலகத்தில் மனு. பிறகு இடத்தை மாற்றி, கன்னியாகுமரி பக்கத்துக் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் நடுவில் என்றார்கள். அங்கேயும் எதிர்ப்பு. துறைமுகத்துக்காக ஓடியாடிய கப்பல்துறை இணையமைச்சர் நம் தொகுதிக்காரர். 2019 தேர்தலில் அவர் தோற்றார். அதற்குத் துறைமுகம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடற்கரை வாக்குச்சாவடிகளில் அது பேசியது. திட்டம் நின்றது. நீங்கள் 'ஆளாளுக்குப் பேசினோம்' என்கிறீர்கள். ஆளாளுக்குப் பேச முடிந்ததால்தான் நின்றது.

கிரேட் நிக்கோபாருக்கு வருவோம். கலாத்தியா வளைகுடாவில் பெட்டகத் துறைமுகம், கூடவே விமான நிலையம், நகரம், மின்நிலையம். இதற்காக ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு போகிறது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அந்த வளைகுடா பேராமைகள் முட்டையிட வரும் கரை. காட்டுக்குள் ஷோம்பென் பழங்குடி மக்கள், கரையில் நிக்கோபாரிகள். அந்த நிக்கோபாரிகளின் கதையை நம் மாவட்டத்துக்காரர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ள முடியும். 2004 டிசம்பர் 26-இல் கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் அடித்த அதே அலை முதலில் அடித்தது அவர்களைத்தான். தீவின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி இன்று கடலுக்குள் நிற்கிறது. உயிர் தப்பியவர்களை கேம்பல் பே பக்கம் குடியமர்த்தினார்கள். நம் ஊரில் சுனாமி காலனி என்கிறோமே, அதுபோல. ஒரு வித்தியாசம். நம்மவர்கள் காலனியில் தூங்கினாலும் விடியற்காலையில் தங்கள் கடலுக்குப் போகிறார்கள். அவர்கள் இன்றுவரை, எங்களைப் பழைய ஊருக்கு விடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2022 ஆகஸ்டில் அவர்களுடைய பழங்குடி கவுன்சில் திட்டத்துக்குத் தடையில்லாச் சான்று கொடுத்தது. நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதியது. எங்கள் பழைய ஊர்களும் திட்டத்துக்குள் வருகின்றன என்பதை எங்களிடம் சரியாகச் சொல்லவில்லை, அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது அவர்கள் முறையீடு. திட்டம் அதன் போக்கில் மேலே போனது.

இப்போது ஜோஷி 2014-இல் சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள். இடத்தைத் தெரிந்தவர்கள், தப்பாகப் போனால் விளைவைச் சுமக்கப் போகிறவர்கள், அந்த மக்கள். அவர்களிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருக்கும் டெல்லியில், அலை அடித்தால் யாருக்கும் வீடு போகாது. பாதுகாப்பு அமைச்சகத்தின் தெற்கு பிளாக்கில் அவர் எதை எதிர்த்து வெளியேறினாரோ, அதுவே தீவில் வேறு ஆட்களோடு நடக்கிறது. இந்தத் திட்டம் அவர் மூளையில் உதித்ததில்லை, டெல்லியில் முடிவானது. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நியாயத்தை இந்த நாட்டில் அவரைவிடத் தெளிவாகச் சொன்னவர் யாரும் இல்லை. அதனால்தான் மற்ற எந்த ஆளுநரிடமும் எதிர்பார்க்காத ஒன்றை அவரிடம் எதிர்பார்க்கிறேன். அந்தக் கவுன்சிலின் கடிதத்தை அவரே கையில் எடுத்துக்கொண்டு டெல்லிக்குப் போய், இதற்குப் பதில் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும்.

படை மனிதர்களுக்கு மக்கள் சொல்வதைக் கேட்கத் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கப்பலும் ஊரும் வேறு. கப்பலில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள், உத்தரவுக்குக் கட்டுப்படுகிறோம் என்று ஒத்துக்கொண்டவர்கள். ஊரில் இருப்பவன் நிர்வாகி வருவதற்கு முன்பே அங்கே இருப்பவன். ஒக்கி புயல் வந்தபோது இதை நான் நேரில் பார்த்தேன். 2017 நவம்பர் 30-க்குப் பிறகான நாட்களில் நீரோடி முதல் இரயுமன்துறை வரை ஒரே அழுகை. ஆழ்கடலுக்குப் போன படகுகள் திரும்பவில்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் தேடின, பலரைக் காப்பாற்றவும் செய்தன. அதை மறைத்தால் பாவம். ஆனால் ஜனங்கள் ரயில் மறியலுக்குக் குழித்துறை வரை நடந்ததற்குக் காரணம் இருந்தது. சின்னத்துறையில் ஒரு பெரியவர் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் ஒரு கோடு இழுத்தார். 'இது கரை. காத்து இப்பிடி அடிச்சிருக்கு. நீவாடு (நீரோட்டம்) இந்தப் பக்கம். எஞ்சின் நின்னுபோன படகு இன்னைக்கு இங்கதான் கிடக்கும்' என்று ஒரு சிப்பியை எடுத்து வைத்தார். 'எங்களில ரெண்டு பேரை அந்தக் கப்பல்ல ஏத்திட்டுப் போகச் சொல்லுங்க' என்றார். கரை முழுவதும் அதைத்தான் கேட்டது. கப்பலில் ரேடார் உண்டு, ஹெலிகாப்டர் உண்டு. சிப்பி எங்கே இருக்கும் என்று தெரிந்தவன் கரையில் நின்றுகொண்டிருந்தான்.

விழிஞ்ஞத்தைப் பற்றி. அங்கே 2024 டிசம்பரில் வணிக இயக்கம் தொடங்கியது, உண்மை. அதைப் பார்த்து நம் பையன்கள் ஏங்குவதும் உண்மை. டாரஸ் லாரிகள் களியக்காவிளை தாண்டிப் போவதைப் பார்த்து உங்களுக்கு வரும் கோபம் எனக்கும் வருகிறது. ஆனால் இனயத்தில் துறைமுகம் வந்திருந்தால் அந்த மலைகள் தப்பியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? கடலைத் தூர்க்கவும் அலைத்தடுப்புக் கட்டவும் அதே குன்றுகளைத்தான் உடைத்திருப்பார்கள். இன்னும் பக்கத்திலேயே. மலைக்காக நடக்க வேண்டிய சண்டை தனி. கடற்கரைக்காரர்கள் இனயத்துக்காக நின்ற மாதிரி, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் உள்நாட்டுக்காரர்கள் குன்றுகளுக்காக நிற்கவில்லை. அது நம் பக்கத்துக் குறை.

உங்களிடம் ஒரு கோரிக்கை. மும்பை டாக்யார்டில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கப்பல் மராமத்துக்கு வந்தால் என்ன நடக்கும், உதிரிபாகம் கேட்டு எழுதினால் காகிதம் எந்த மேசையில் தங்கும், கீழே இருக்கும் மாலுமி 'இது சரியில்லை' என்று சொன்னால் யார் கேட்பார்கள் என்பதை உங்கள் அனுபவத்தில் எழுதி அனுப்புங்கள். அதிகாரிகளின் வாழ்க்கை வரலாறுகள் நிறைய வருகின்றன. மாலுமி எழுதியது தமிழில் நான் அதிகம் பார்க்கவில்லை. பெயர் போடாமலே வெளியிடுகிறேன்.

அன்புடன்.