ரிக்ஸ்டோர்ஃப் என்ற பெயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பெர்லினைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ரிக்ஸ்டோர்ஃபை ‘பெர்லின் விழுங்கிய கிராமம்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். நான் இரண்டு வருடமாக பெர்லினின் நொய்க்கோல்ன் பகுதியில் குடியிருக்கிறேன். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ரிச்சர்ட் பிளாட்ஸ் என்ற சதுக்கம். நடுவில் ஒரு கொல்லுப்பட்டறை, ஓரத்தில் குட்டித் தேவாலயம், பின்னால் கல் பாவிய சந்துகள், ஓட்டு வீடுகள். நான்கு எட்டு வைத்தால் மறுபடியும் ஐந்து மாடிக் கட்டடங்கள். கடைப் பலகைகளில் ரிக்ஸ்டோர்ஃப் என்று பார்க்கிறேன். ஆனால் மாநகரத்தின் பகுதிகள் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. ஊரை எடுத்துக்கொண்ட பெர்லின் பெயரையும் ஏன் அழித்தது?

எம்.

அன்புள்ள எம்,

முதலில் என் வரியைத் திருத்திக்கொள்கிறேன். ‘விழுங்கிய’ என்று நான் எழுதியது தவறு. அந்தப் பெயரைப் பெர்லின் அழிக்கவில்லை. ஊர் பெர்லினோடு சேர்ந்தது 1920இல். பெயர் போனது அதற்கு எட்டு வருடம் முன்னால், 1912இல். எடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்களே.

ஊரின் பிறப்புக்கு ஒரு பத்திரம் இருக்கிறது. 1360இல், யோவான் மடத்து வீரத்துறவிகள் (போர் செய்யும் கிறிஸ்தவத் துறவிகள்) தங்கள் பண்ணை ஒன்றைக் கிராமமாக்கி எழுதிக் கொடுத்தார்கள். அதில் பெயர் ரிச்சர்ட்ஸ்டோர்ப், அதாவது ரிச்சர்டின் ஊர். வாய்வழக்கில் தேய்ந்து ரிக்ஸ்டோர்ஃப் ஆயிற்று. 1435இல் அந்தத் துறவிகள் இதையும் பக்கத்து ஊர்களையும் பெர்லின், க்யோல்ன் என்ற இரட்டை நகரங்களுக்கு விற்றார்கள். க்யோல்ன் என்பது ஸ்ப்ரே ஆற்றுத் தீவில் இருந்த நகரம். ரைன் நதிக்கரைக் கொலோனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆக, பெர்லினுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு இருபதாம் நூற்றாண்டில் தொடங்கியதல்ல.

நீங்கள் பார்த்த சந்துகளும் ஓட்டு வீடுகளும் இன்னொரு கதை. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியின்கீழ் புராட்டஸ்டண்டுகள் வெளிப்படையாக வழிபட முடியாத காலம். வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு எல்லை தாண்டி வந்தவர்களில் 18 குடும்பங்களை 1737இல் பிரஷ்ய மன்னர் முதலாம் பிரீட்ரிஷ் வில்ஹெல்ம் இங்கே குடியமர்த்தினார். கருணை மட்டும் காரணமில்லை. உழவும் நெசவும் தெரிந்த கைகள் அவருக்குத் தேவைப்பட்டன. ஆனாலும் இடம் கொடுத்தார். செக் மொழி பேசிய அந்தக் குடியிருப்பு பொஹீமிய ரிக்ஸ்டோர்ஃப் ஆயிற்று. பழைய ஊர் ஜெர்மன் ரிக்ஸ்டோர்ஃப். ஒட்டியிருந்தும் இரண்டும் தனித்தனி ஊராட்சிகளாகவே நீடித்து, 1874இல்தான் ஒன்றாயின. அதாவது, ஊர் இணைப்பு என்பதை ரிக்ஸ்டோர்ஃப் பெர்லினுக்கு முன்பே தனக்குள் பார்த்துவிட்டது. அந்த இணைப்பில் யாருடைய தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் போகவில்லை. இரண்டும் இன்றும் இருக்கின்றன.

அப்புறம்தான் வேகம். 1870களில் பெர்லினைச் சுற்றி வட்ட ரயில்பாதை வந்தது, ஊருக்கு நிலையம் கிடைத்தது. தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களுக்கு பெர்லினில் வாடகை கட்டுப்படியாகவில்லை, இங்கே வந்தார்கள். வயல்களில் வாடகைக் குடியிருப்புகள் எழுந்தன. ஒரு முற்றம், அதற்குப் பின்னால் இன்னொரு முற்றம், வெயில் எட்டாத அறைகள். 1899இல் நகரத் தகுதி கிடைத்தபோது ஏறக்குறைய 90 ஆயிரம் பேர். அதுவரை சட்டப்படி அது கிராமம்தான்! பிரஷ்யாவின் மிகப் பெரிய கிராமம் என்றே அதைச் சொன்னார்கள். 1910 கணக்கெடுப்பில் 2 லட்சத்து 37 ஆயிரம்.

உழைத்துக் களைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்கள்? பக்கத்தில் ஹாசன்ஹைட என்ற இடத்தின் பீர்த் தோட்டங்களுக்கும் நடனக் கூடங்களுக்கும். பெர்லின்காரர்களும் அங்கேதான் வந்தார்கள். ரிக்ஸ்டோர்ஃப் என்றால் ஆட்டம் பாட்டம், அடிதடி என்று பெயர் பரவியது. நகர்மன்றத்துக்கு அது கூச்சமாக இருந்தது. வசதியானவர்கள் குடிவர மாட்டார்கள், வரி வருமானம் உயராது என்ற கவலையும் இருந்தது. பெயரை மாற்ற விண்ணப்பித்தார்கள். 1912 ஜனவரி 27, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் பிறந்தநாளன்று ரிக்ஸ்டோர்ஃப், நொய்க்கோல்ன் ஆனது. ‘புதிய க்யோல்ன்’. ஊரின் வடக்கே ஒரு குடியிருப்புப் பகுதிக்கு ஏற்கெனவே இருந்த பெயர் அது. ஆனால் நடந்ததைப் பாருங்கள்: ஒரு காலத்தில் தன்னை விலைக்கு வாங்கிய நகரத்தின் பெயரை ஊர் தானே எடுத்துச் சூட்டிக்கொண்டது. ரயில் நிலையப் பலகையும் மாறியது.

அங்கே குடியிருந்த தொழிலாளி பெயரைக் கெடுத்தான் என்று நகர்மன்றம் நினைத்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. நெரிசலான அறைகளுக்கும் நீண்ட வேலை நேரத்துக்கும் தீர்வு தேடாமல் பலகையை மாற்றுவது எளிது. பலகை மாறிய பிறகும் அதே ஜனங்கள் அதே முற்றங்களில்தான் இருந்தார்கள்.

அதே 1912இல், ஊரின் இன்னொரு பக்கத்தில், பொஹீமியர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் முன்னோருக்கு இடம் கொடுத்த மன்னருக்கு ஒரு சிலை நிறுத்தினார்கள். வந்து 175 வருடம் ஆன நினைவாக. நகர்மன்றம் மறக்க நினைத்த ஆண்டில், அகதிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கடனை நினைவில் வைத்திருந்தார்கள்.

சரி, 1920க்கு வருகிறேன். அக்டோபர் 1 அன்று மகா பெர்லின் சட்டம் அமலுக்கு வந்தது. பழைய பெர்லினோடு 7 நகரங்கள், 59 கிராம ஊராட்சிகள், 27 பண்ணை வட்டங்கள் சேர்ந்தன. பரப்பு 66 சதுர கிலோமீட்டரிலிருந்து 878 ஆயிற்று. எதிர்ப்பு முக்கியமாக வசதியான புறநகரங்களிலிருந்து வந்தது, ஏனென்றால் அவர்கள் வரிப்பணம் அவர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. நொய்க்கோல்ன் போன்ற தொழிலாளர் ஊர்களின் நிலை வேறு. பிள்ளைகள் அதிகம், பள்ளிச் செலவு அதிகம், வரி குறைவு. பொதுக் கஜானா அவர்களுக்கு உதவி. இதனால்தான் ‘விழுங்கிய’ என்ற என் சொல்லை இரண்டாவது தடவையும் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் பக்கத்திலேயே இருக்கிறது. தெற்கே ப்ரிட்ஸ், பூக்கோ, ரூடோ என்று மூன்று கிராமங்கள். அவையும் அதே நாளில் பெர்லினோடு சேர்ந்து, நொய்க்கோல்ன் மாவட்டத்துக்குள் வந்தன. மூன்று பெயரும் இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன. ரிக்ஸ்டோர்ஃப் 1920 வரை தன் பெயரை வைத்திருந்தால் அதுவும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் நீங்களே பார்த்தது போல, ஜனங்கள் அந்தப் பெயரை விடவில்லை. டிசம்பரில் ரிச்சர்ட் பிளாட்ஸில் பழைய ரிக்ஸ்டோர்ஃப் கிறிஸ்துமஸ் சந்தை கூடும், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில். ஒரு வார இறுதி மட்டும்தான், தவற விடாதீர்கள். அதற்கு முன்னால், பகல் வெளிச்சம் இருக்கும்போது கிர்ஷ்காஸ என்ற சந்துக்குப் போங்கள். மன்னர் சிலை அங்கே நிற்கிறது. பொஹீமியர்கள் 1753இல் கட்டிய பள்ளிக்கூடமும் அங்கேதான். முகப்பில் அவர்கள் சபையின் கிண்ணச் சின்னம் தெரியும். கொஞ்சம் தள்ளி அவர்களுடைய கல்லறைத் தோட்டம். அங்கே பழைய கற்களில் இருப்பது ஜெர்மன் இல்லை, செக். பார்த்துவிட்டு எழுதுங்கள்.