கன்று பேசலாம், முதலில் மேயட்டும்

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய 'மயிலை' கதையை, "கன்று நன்றாகப் பேசுகிறது, ஆனால் மேயவே இல்லை" என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். கோடை விடுமுறைக்கு அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக்கு வரும் பையனுக்கும் காங்கயம் காளைக்கன்றுக்கும் ஏற்படும் நட்புதான் கதை. சிறுவர் கதையில் கற்பனைக்கு இடமே இல்லையா? மாட்டு டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் பேனாவைத் திறக்க வேண்டுமா?
— ஓர் ஆசிரியை, தாராபுரம் வட்டம்

பதில்: சான்றிதழ் வேண்டாம். மாடு கட்டும் ஏதாவது ஒரு கட்டுத்தரையில் காலையில் அரை மணி நேரம் நின்றால் போதும். தாராபுரம் பக்கம் அதற்கா பஞ்சம்?

உங்கள் கதை இப்படித் தொடங்குகிறது: அன்று காலையில் பிறந்த கன்று பால்போல் வெள்ளைவெளேரென்று நிற்கிறது, அதைப் பார்த்துப் பையன் 'மயிலை' என்று பெயர் வைக்கிறான். காங்கயம் கன்று செம்பழுப்பாகத்தான் பிறக்கும். ஆறு மாதம் போல ஆனால்தான் அந்த நிறம் போய்ச் சாம்பல் ஏறும்; 'மயிலை' என்பது அந்தச் சாம்பல் நிறத்துக்குத்தான் பெயர். காளையாக வளர்ந்தால் திமிலும் கழுத்தும் கறுக்கும்; காயடித்து எருதாக்கினால் வெளுக்கும். இதைக் குற்றம் கண்டுபிடிப்பதற்காகச் சொல்லவில்லை. கதை உங்கள் கையிலேயே இருந்தது, நழுவவிட்டுவிட்டீர்கள். மே மாதம் சிவப்புக் கன்றோடு பழகிய பையன் பொங்கலுக்குத் திரும்பி வருகிறான். கட்டுத்தரையில் சாம்பல் நிறத்தில் எதுவோ நிற்கிறது. "என் கன்னு எங்கீங்க அப்புச்சி?" என்று கேட்கிறான். கன்றுக்கும் அதே குழப்பம்தான். மாடு ஆளை அடையாளம் காணும், ஆனால் வாசம், குரல், உயரம், உடுப்பு எல்லாம் சேர்ந்துதான் அதற்கு ஆள். பையனோ கஞ்சி மொடமொடக்கும் புதுச்சட்டையில் வந்து நிற்கிறான். அது மூக்கை நீட்டிவிட்டுப் பின்வாங்குகிறது. அவன் பழைய தவிட்டுக் கிண்ணத்தை எடுத்து இரண்டு தட்டுத் தட்டுகிறான், காது திரும்புகிறது. இந்த ஒரு பக்கத்துக்கு முன்னால், உங்கள் கன்று "நண்பா, உன்னை மறப்பேனா?" என்று கேட்கும் வசனம் நிற்குமா?

பேசுவது தப்பில்லை. பேசுகிற விலங்கு நம் ஊருக்குப் புதிதுமில்லை. ஆனால் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காகம், நரி, மரம் எல்லாமே பேசுகிற உலகம் என்றால் அது ஒரு கணக்கு. மனிதர்கள் எல்லாரும் நிஜமாக இருக்க, கன்று மட்டும் பையனிடம் தமிழ் பேசினால், அது மாட்டுத்தோல் போர்த்திய இன்னொரு பையன். உங்கள் கன்று, "நன்றாகப் படி, பெற்றோர் சொல் கேள்" என்கிறது. பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்கு ஆசிரியப் பயிற்சி எங்கே கிடைத்தது?

நட்பு எங்கிருந்து முளைக்கும் என்று பார்ப்போம். உங்கள் கதையில் ஒரே நாளில் முளைத்துவிடுகிறது. கன்று பையனின் கையை நக்குகிறது, அவன் முத்தம் என்கிறான். அது நக்குவது வியர்வை உப்பை. பையன் அதை முத்தம் என்றே நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் எழுதுகிற உங்களுக்கு உப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். சொரசொரவென்ற நாக்கு, கையில் காய்ந்த உப்பு, கூச்சத்தில் நெளிகிற பையன். இதை எழுதினால் 'அன்பு' என்ற சொல்லே தேவைப்படாது.

காங்கயம் பசு கறவைக்குப் பேர்போனதில்லை. கன்றை விட்டுத்தான் கறப்பார்கள். கன்று மடியை நாலு முட்டு முட்டிச் சப்பினால்தான் பசு பால் சுரக்கும். சுரந்ததும் கன்றை இழுத்துத் தாயின் தலைமாட்டில் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வரும். யோசித்துப் பாருங்கள்: நண்பன் என்று சொல்லிக்கொள்கிறவன்தான் கன்றுக்கும் மடிக்கும் நடுவே கயிற்றைப் பிடித்து நிற்கிறான். கன்று திமிறுகிறது, கயிறு உள்ளங்கையை அறுக்கிறது, அப்புச்சி சொம்பை நிரப்புகிறார். கடைசியில் கயிற்றை விடுகிறவனும் அவன்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் புரியும். பெரியவர்கள்தான் புரியாது என்று நினைத்து வெட்டிவிடுகிறோம்.

தாய் இல்லாத கன்று என்றால் நெருக்கம் இன்னும் கூடும், ஆனால் முறை தெரிந்து எழுத வேண்டும். கன்று குனிந்து பாத்திரத்தில் தானாகக் குடிக்காது. இரண்டு விரலைப் பாலில் நனைத்துச் சப்பக் கொடுத்து, சப்பச் சப்பக் கையை மெல்ல வட்டிலுக்குள் இறக்க வேண்டும். மூக்கு பாலில் முங்கினால் புரையேறும். பால் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். அளவு, ஒரு நாளைக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு. 20 கிலோ கன்றுக்கு 2 லிட்டர், அதையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. இங்கேதான் பையன் தப்பு செய்வான். பாவம் என்று ராத்திரி யாருக்கும் தெரியாமல் ஆறின பாலை இன்னொரு வட்டில் வைப்பான். விடிந்தால் கழிச்சல், கண் உள்ளே போய்க் கன்று படுத்துக் கிடக்கும். பிரியத்தால் வந்த கேடு இது. உங்கள் கதையில் பக்கத்து வீட்டு வில்லன் ஒருவர் மெனக்கெட்டு வந்து விஷம் வைக்கிறாரே, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

பையன் கன்றின் நெற்றியோடு நெற்றி முட்டி விளையாடும் படத்தையும் வரைந்து அனுப்பியிருந்தீர்கள். காளைக்கன்றோடு அந்த விளையாட்டே ஆகாது. இன்று செல்லமாக முட்டப் பழகியது, 400 கிலோவைத் தாண்டிய பிறகும் அதே செல்லத்தோடு முட்டும். "ஏஞ்சாமி, நெத்தியத் தேய்க்காத, தாடியச் சொறிஞ்சு உடு" என்று அப்புச்சி ஒரு வார்த்தை சொல்லட்டும். கழுத்தடியில் தொங்கும் அலைதாடியைச் சொறிந்தால் கன்று தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். கிட்டப் போவதும் பின்னாலிருந்து அல்ல, தோள் பக்கமாக. மாட்டுக்குத் தன்னைச் சுற்றி ஏறக்குறைய 330 பாகை தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கிருந்து திடீரென்று தொட்டால் உதைதான். சிவப்புச் சட்டையைப் பார்த்துப் பெரிய காளை துரத்துவதும் வேண்டாம். சிவப்பைப் பிரித்துப் பார்ப்பதில் மாடு மந்தம். ஓடினான், துரத்தியது, அவ்வளவுதான்.

கிணற்றில் விழப்போன பையனின் சட்டையைக் கன்று பல்லால் கவ்வி இழுப்பது அடுத்த சிக்கல். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது; அந்த இடத்தில் கெட்டியான ஈறுதான். புல்லையே நாக்கால் வளைத்துத்தான் இழுக்கிறது. காப்பாற்றத்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பையன் போட்ட சத்தத்தில் மிரண்டு கன்று கத்தும். கன்று கத்தினால் தாய் கத்தும். வேளைகெட்ட வேளையில் பசு கத்தினால் சோளத்தட்டுப்போரில் நிற்கிற அப்புச்சி திரும்பிப் பார்ப்பார்.

பல் என்றதும் உங்கள் கதையில் வரும் மாட்டுத் தரகர் ஞாபகம் வருகிறது. மூன்று மாதக் கன்றை அவர் 'நாலு பல்' என்கிறார். முதல் சோடிப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கவே இரண்டு வயதாகும். நாலு பல் என்றால் மூன்றை ஒட்டிய வயது. சித்திரையில் கூடும் கண்ணபுரம் சந்தையில் அவர் இப்படிச் சொல்லியிருந்தால் தரகுத் தொழிலே போயிருக்கும். விற்பதை எழுதியது நல்லது. அதை மறைக்கிற கதைகள் நிறைய வருகின்றன. ஆனால் விற்ற கன்று கண்ணீர் வழிய இருபது மைல் நடந்து ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பி வருவது, விற்றதை அழித்துவிடுகிறது. துயரத்தில் மாடு கண்ணீர் விடாது. கண்ணில் நீர் வடிந்தால் தூசியோ ஈயோ நோயோ பாருங்கள். பிரிவு வேறு விதமாகத் தெரியும். தாய் நாள்கணக்கில் கத்தும், தீவனத்தில் வாய் வைக்காது, தோட்டத்து வாசலில் கடவுப்படல் திறக்கும் ஓசை கேட்டால் காதைத் திருப்பும். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் பையன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், தொகை தெரியாமலே. மாட்டைக் கொடுத்தாலும் பழைய கயிற்றைக் கொடுக்காத வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தக் கயிற்றை யார் வீட்டுக்குத் தூக்கி வருவது?

கற்பனையைக் கேட்டீர்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் பழனி மலைக்காரன், உங்களுக்கு அண்டை வீடு. மயிலுக்கு எதற்குப் போர்வை என்று இன்றைக்கும் சிரிக்கிறோம். ஆனால் அவனைப் பாடிய பரணர், மயில் அதை உடுக்காது, போர்த்தாது என்று அறிந்தும் கொடுத்தான் என்றே புறநானூற்றில் பாடுகிறார். மயில் எப்படிப்பட்டது என்று புலவருக்கும் தெரியும், கொடுத்தவனுக்கும் தெரியும். அது தெரிந்திருப்பதால்தான் அந்தக் கொடை பாட்டாகியது.

கூடவே அனுப்பிய இரண்டு குட்டிக் கதைகளும் வேண்டாம். ஒன்றில் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்து வளர்க்கிறாள் சிறுமி; 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கிளியை வேப்பமரத்திலேயே விட்டு எழுதுங்கள். இன்னொன்றில் தெருநாய் பல் பட்டதை, நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பையன் வீட்டில் மறைக்கிறான். கதை அவனை மெச்சுகிறது. இதை எந்த மாற்றத்தோடும் அச்சிட மாட்டோம். பல் பட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், சொன்ன நாளெல்லாம் தவறாமல் ஊசி போட வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

'மயிலை'யைத் திருத்தி எழுதி அனுப்புங்கள். பெயரை மட்டும் மாற்ற வேண்டாம். செம்பழுப்பாகப் பிறந்து நிற்கும் கன்றைப் பார்த்து அப்புச்சியே 'மயிலை' என்று கூப்பிடட்டும். ஏன் என்று பையன் கேட்டால், "பொங்கலுக்கு வா, சொல்றேன்" என்று மாட்டுக்குத் தண்ணி வைக்கும் குளுதாணியைக் கலக்கப் போய்விடட்டும்.