குளிருக்குப் பயந்து ஒக்டோபரை விட்டுவிடாதீர்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்தேன். ஓகஸ்டில் இரண்டு பிள்ளைகளுடன் கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்திருக்கிறீர்கள், பேஸ்மென்ட் வீடு, கார் இன்னும் இல்லை. சந்திக்கிற எல்லோரும் "ஐயோ, குளிர் வரப்போகுது" என்றே சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளைகள் ஐபாடும் கையுமாக இருக்கிறார்கள், பொழுதும் கெதியாக இருட்டுகிறது, இந்த மாதங்களை எப்படிப் போக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பனியைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். ரொறன்ரோவில் வருடத்தின் நல்ல காலம் எது என்று என்னைக் கேட்டால், செப்டெம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை என்றுதான் சொல்லுவேன். வெக்கை இல்லை, நுளம்புத் தொல்லை குறைவு, ஒரு ஜக்கெட்டோடு மணிக்கணக்காக வெளியில் நிற்கலாம். இதைக் குளிருக்குக் காத்திருக்கிற காலமாக நினைத்து உள்ளேயே இருந்துவிடுகிற குடும்பங்களைப் பார்க்க எனக்கு மனவருத்தமாக இருக்கும்.

முதலில் மீன் பார்க்கப் போங்கள். மோர்னிங்சைட் பூங்காவுக்குள் ஓடும் ஹைலன்ட் கிரீக்கில் செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் சினூக் சால்மன்கள் ஒன்ராறியோ ஏரியிலிருந்து எதிர்நீச்சல் போட்டு ஏறி வரும். நல்ல மழை பெய்து ஓரிரு நாளில் போனால் இன்னும் நல்லது. ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இராது. மீனோ ஒரு முழத்துக்கு மேல். முதுகு வெளியே தெரிய, கல்லில் உரசி உரசி வாலெல்லாம் வெள்ளையாகத் தேய்ந்திருக்கும். ஒரு மடுவில் அசையாமல் நின்று இளைப்பாறும், பிறகு திடீரென்று உடம்பை முறுக்கிக்கொண்டு கல்லுக்கு மேலால் பாயும். முட்டை இட்டதும் செத்துப்போகும். கரையில் செத்த மீன் கிடக்கும், மணமும் அடிக்கும். அதைப் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டாம், கேட்பார்கள், சொல்லுங்கள். இந்த ஏரியின் சொந்த அட்லாண்டிக் சால்மன்கள் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்துவிட்டன. இப்போது வருகிற சினூக், பசிபிக் பக்கத்திலிருந்து 1960களின் பிற்பகுதியில் கொண்டுவந்து விட்ட இனம். கடலையே காணாமல் இந்த ஏரியைக் கடலாக்கி வாழ்கிற மீன் என்று சொன்னால் பிள்ளைகள் விடமாட்டார்கள், அங்கேயே நிற்பார்கள்.

இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க எல்லோரும் அல்கோன்குவின் போகச் சொல்லுவார்கள். 1893இல் தொடங்கிய பூங்கா, உண்மையிலேயே வடிவான இடம். ஆனால் காரில் மூன்று மணித்தியாலம் போக வேண்டும், அங்கே செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் முதல் கிழமையிலேயே சிவப்பு முடிந்துவிடும், பகல் அனுமதிச் சீட்டையும் முன்கூட்டியே இணையத்தில் எடுக்காவிட்டால் சனி ஞாயிறுகளில் கிடைப்பது கஷ்டம். கார் வந்தபிறகு அடுத்த வருடம் போங்கள். இப்போதைக்கு உங்கள் வீட்டுக்குக் கிட்டவே ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, மிருகக்காட்சிசாலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் இறங்கி நடக்கலாம். விஸ்டா ட்ரெயில் என்ற பாதை சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்றது. அதில் ஒரு மேடையில் ஏறி நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். நகரத்தில் நிறம் உச்சத்துக்கு வருவது ஒக்டோபர் நடுவுக்குப் பிறகுதான். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிருமாக நாலைந்து நாள் வந்தால் அந்த வருடச் சிவப்பு தனி. மஞ்சள் இலைக்குள் முதலே இருக்கிறது, பச்சை போனதும் தெரிகிறது. சிவப்பை மரம் அந்த நாட்களில்தான் புதிதாகச் செய்கிறது, அதற்கு இலையில் சர்க்கரை வேண்டும், சர்க்கரைக்கு வெயில் வேண்டும்.

இரண்டு விஷயம் கட்டாயம் கவனியுங்கள். மூன்று மூன்று இலையாகச் சிவந்து தரையோடு படர்ந்திருப்பது பாய்சன் ஐவியாக இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பார்த்ததும் ஆசை வரும், தொட்டால் தோல் கொப்பளிக்கும். மற்றது உண்ணி. ரூஜில் லைம் நோய் பரப்புகிற கருங்கால் உண்ணிகள் உண்டு, குளிர் தொடங்கினாலும் அவை உடனே அடங்காது. காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டுக்கொண்டு நடங்கள், வீட்டுக்கு வந்ததும் கால், கழுத்து, தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். பயப்பட ஒன்றுமில்லை, பழக்கமாக்கினால் சரி.

பூங்காவிலிருந்து இலை, கல், பூ எதுவும் எடுக்கக்கூடாது. இலை பொறுக்க உங்கள் தெருவே போதும். ஈரமான இலையைத் துடைத்து, தமிழ்க்கடை வாசலில் இலவசமாகக் கிடைக்கிற பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றிவிடுங்கள். பளபளப்பான விளம்பரத் தாள் ஈரத்தை இழுக்காது. ஒரு கிழமையில் இலை தட்டையாகக் காய்ந்துவிடும். சின்னவருக்கு அதுவரை பொறுமை இராது. அவருக்கு இலையின் நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் வைத்து, வெள்ளைக் கடதாசியால் மூடி, க்ரேயொனைப் படுக்கவைத்துத் தேய்க்கக் கொடுங்கள். முதலில் நடு நரம்பு தெரியும், பிறகு கிளை நரம்புகள், கடைசியில் பல்லுப்பல்லான ஓரம். ஐபாட் தானாகக் கீழே போகும். காய்ந்த இலைகளை ஒரு கொப்பியில் ஒட்டி, மரத்தின் பெயரைத் தமிழிலும் எழுதப் பழக்குங்கள். நவராத்திரியும் இந்தக் காலத்தில்தான் வரும். வாணி விழாவுக்கு அந்தக் கொப்பியைச் சரஸ்வதிக்கு முன்னால் மற்றப் புத்தகங்களோடு வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் கும்பத்தைச் சுற்றி மேப்பிள் இலையால்தான் கோலம்.

நண்பர்கள் யாராவது காரில் அழைத்தால் டர்ஹம் பக்கம் அப்பிள் ஆயப் போங்கள். மக்கின்டொஷ் என்கிற சிவப்பு அப்பிள் 1811இல் இந்த ஒன்ராறியோவிலேயே கண்டெடுத்த வகை, செப்டெம்பரில் பழுக்கும். பழத்தை இழுக்காமல் மேலே தூக்கித் திருகினால் காம்போடு கையில் வரும். புளிப்பு வகை கிடைத்தால் மாங்காய்க்குச் செய்வது போலவே உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுச் சாப்பிடலாம். பூசணிக்காய் வாங்கும்போது, ஒக்டோபர் 31 இரவு பிள்ளைகள் வேடம் போடுகிற ஹாலோவீனுக்குச் செதுக்குகிற பெரியது கறிக்கு உதவாது, தண்ணீர்த்தன்மை கூட. சிறிய பை (pie) பூசணியைக் கேட்டு வாங்குங்கள், தேங்காய்ப்பாலில் வைத்தால் ஊரில் சாப்பிட்ட மாதிரியே இருக்கும். செதுக்குகிற பூசணியின் விதையை எறியாமல் வறுத்துவையுங்கள். வேடத்துக்கு உடுப்புத் தைப்பதென்றால் ஓர் அளவு பெரிதாகத் தையுங்கள். அன்று இரவு உள்ளே ஜக்கெட் போடத்தான் வேண்டிவரும்.

உங்களுக்கென்று ஒரு கைவேலையும் தேவை, தங்கச்சி. பள்ளிக்கூடத்தில் குரோஷே பழகியிருந்தால் இப்போதே கம்பளி நூல் வாங்கித் தொடங்குங்கள். நவம்பர் முதல் ஞாயிறு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியதும் பின்னேரம் 5 மணிக்கே இருட்டிவிடும். அன்றைக்குப் புதிதாக ஒன்றைத் தொடங்க மனம் வராது. பாதியில் நிற்கிற சால்வை என்றால் கை தானாக எடுக்கும். வீட்டுக்காரர் பின்வளவில் இரண்டடி மண் தந்தால் ஒக்டோபரில் உள்ளிப் பூண்டு நடுங்கள். பல்லின் கூர்ப்பக்கம் மேலே, இரண்டு மூன்று அங்குல ஆழம், மேலே உதிர்ந்த இலையைக் கொட்டி மூடிவிட்டால் பனிக்குள் பத்திரமாகக் கிடந்து வசந்தத்தில் முளைக்கும். ஜூலையில் கிண்டலாம்.

எல்லாவற்றையும் இந்த வருடமே செய்ய வேண்டியதில்லை. ஆனால் மீன் ஒக்டோபர் நடுவுக்குள் குறைந்துவிடும், அதனால் வருகிற சனிக்கிழமை ஹைலன்ட் கிரீக்கிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு மாற்றுச் சப்பாத்து ஒரு சோடி கொண்டுபோங்கள், கட்டாயம் தண்ணீருக்குள் இறங்குவார்கள்.