யானைக்கால் புழுவைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு. ஒட்டுண்ணித் தொற்றில் அழற்சி (உடம்பின் எதிர்ப்பால் வரும் வீக்கம், சிவப்பு, வலி) எப்படி வருகிறது என்று ஆராயப் போகிறேன் என்கிறாள். "புழு, பூச்சின்னு படிச்சா யாருங்க வேலை கொடுப்பாங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் அவளை இழுத்தது எது என்று முதலில் பாருங்கள்.

யானைக்கால் நோயையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் நுண்புழுக்கள், அதாவது இந்த நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள், நிறைய இருப்பவர் பல வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடுவார். கால் வீங்கியவரின் ரத்தத்திலோ பெரும்பாலும் ஒரு நுண்புழுகூடத் தென்படாது. இந்த வித்தியாசத்தில் நோயெதிர்ப்புச் செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முதலாமவர் உடம்பில் நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' ஐஎல்-10 என்ற புரதம் போன்றவற்றைச் சுரந்து அழற்சியை அடக்கி வைக்கின்றன. அந்தத் தயவில் புழுவும் பிழைத்துக்கொள்கிறது. அடக்கம் தளர்ந்தவரிடம் டிஎச்1, டிஎச்17 என்ற வேறு வகை டி செல்கள் கிளப்பும் அழற்சி, திசுக்களில் தேங்கும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களையே கெடுக்கிறது. புழு சாகும்போது அதற்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியா வெளியே வந்து அழற்சியை இன்னும் தூண்டும். வேறு சிலருக்கு இதே புழுவால் ராத்திரி இருமல், இழுப்பு வரும். ரத்தப் பரிசோதனைத் தாளில் ஈசினோபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000-ஐத் தாண்டியிருக்கும். ஆஸ்துமா என்று நினைத்து வைத்தியம் பார்ப்பதும் உண்டு. உங்கள் மகள் கேட்பது நம் ஊர் நோயாளிகளுக்கு வேண்டிய கேள்வி.

சரி, வேலைக்கு வருவோம். பி.எஸ்சி. மட்டும் போதாது, எம்.எஸ்சி., பிறகு பிஎச்.டி. என்று நீளும் பாதை இது. சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால், 2023-லிருந்து மாதாமாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000. அதனால் பிஎச்.டி. செலவு உங்கள் தலையில் விழாது. லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் எம்.எஸ்சி.யில் மட்டும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். நுழைவுத்தேர்வு எழுதி மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும்.

எம்.எஸ்சி.யிலேயே ஃப்ளோ சைட்டோமெட்ரி கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்குள் ஓடவிட்டு, எந்த வகை எத்தனை என்று எண்ணும் கருவி அது. ஒட்டுண்ணி ஆய்வில் டி செல்களைப் பிரித்துப் பார்ப்பதும் அதில்தான், ரத்தப் புற்றுநோயைக் கண்டறிவதும் அதில்தான். ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் பெரிய ஆஸ்பத்திரி ஆய்வகங்களும் மருந்து நிறுவனங்களும் அந்தக் கைப்பழக்கத்தைத் தேடும்.

அப்புறம், வெளியூர் அனுப்பப் பயப்படுகிறீர்கள். புதுச்சேரியில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது; நோய்க்கடத்தி என்றால் கொசு போல நோயைப் பரப்பும் உயிரி. சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவன வளாகத்திலேயே யானைக்கால் நோயெதிர்ப்பு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இந்திய அறிவியல் அகாடமிகள் கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகையோடு கோடைக்கால ஆய்வுப் பயிற்சி தருகின்றன. அதற்கு இந்த வருடமே விண்ணப்பிக்கட்டும். ஆய்வக வேலை ஒத்துவருகிறதா என்று அந்த இரண்டு மாதத்தில் அவளுக்கே தெரிந்துவிடும், எம்.எஸ்சி. பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.