இன்றேல், ஏன்?

வணக்கம் அண்ணா,

இராணுவத்திடம் இன்னும் எவ்வளவு காணி இருக்கிறது, எப்போது விடுவீர்கள் என்று எங்கள் பக்கத்து எம்.பி. ஒருவர் பாராளுமன்றத்தில் கேட்ட காணொளியைப் பார்த்தேன். பதில் சொல்ல அவகாசம் வேண்டும் என்றார்கள். சரி, முன்னர் இதே மாதிரிக் கேள்விக்கு என்ன வந்தது என்று பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் தேடினேன். பாதிக்கு மேல் 'எழவில்லை' (அந்தக் கேள்விக்கே இடமில்லை என்று அர்த்தம்), மிச்சம் 'எனது அமைச்சுக்குரியதல்ல'. காணி மாகாணத்துக்கு, படை மத்திக்கு என்கிறார்கள். நடுவில் எங்கள் காணி கிடக்கிறது. இந்தக் கேள்விகள் முகநூலில் போடுவதைத் தவிர வேறு எதற்கு?

சி., முல்லைத்தீவு

அன்புள்ள சி.,

கோபம் நியாயமானது. ஆனால் கேள்வியே வேண்டாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், ஏனென்றால் எங்களுக்கு இப்போது கேட்பதற்கு இருக்கிற இடம் அது ஒன்றுதான். 2013 செப்டெம்பர் 21இல் வடக்கு மாகாண சபைக்கு வாக்குப் போட்டோம், 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குப் போனது, கைதடியில் ஐந்து வருடம் ஒரு சபை கூடியது. அதன் குறைகளை நானே நிறைய எழுதியிருக்கிறேன். என்றாலும் அங்கே எழுந்து நின்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர்கள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றினார்கள், அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது, அதோடு தேர்தல் நின்றது. இப்போது மாகாணத்தை நடத்துகிற ஆளுநர் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டவர். அவரை எழுப்பிக் கேட்க மக்கள் தெரிவு செய்த ஒருவரும் கைதடியில் இல்லை. ஆகவே மாகாணத்துக்குரிய விடயத்தைக்கூடப் பாராளுமன்றம் இருக்கிற கோட்டே வரை கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அங்கே எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் என் வருத்தம். எங்கள் பாராளுமன்றத்து வாய்மூல வினாவின் அமைப்பைக் கவனித்திருப்பீர்கள். (அ) இன்னது உண்மையா என்பதை அமைச்சர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஆ) ஆமெனில், எத்தனை, எப்போது? கடைசியில், ஒரு வழக்கம் போல, (இ) இன்றேல், ஏன்? நாங்கள் (அ)வில் 'மக்களுடைய காணிகளைப் படையினர் அநியாயமாகப் பிடித்து வைத்திருப்பதை ஏற்றுக்கொள்வாரா' என்று கேட்கிறோம். அமைச்சர் 'இல்லை' என்கிறார். அந்த ஒரு 'இல்லை'யோடு (ஆ) விழுந்துவிடுகிறது, 'எழவில்லை'. எண்ணிக்கையையும் திகதியையும் நாங்கள் (ஆ)வுக்குள் வைத்திருந்தோம், (அ)வுக்குள் எங்கள் மனவேதனையை வைத்திருந்தோம். வேதனை உண்மையானது, அதைக் குழுநிலை விவாதத்தில் பேசலாம், பேச வேண்டும். வினாவில் அதை வைத்தால் பதில் சொல்லாமல் தப்ப வழி திறந்துவிடுகிறோம்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகளை நடத்துகிற விடயத்தை எடுங்கள். முன்பள்ளி மேற்பார்வை, மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் கல்வி பற்றிய பின்னிணைப்பில் மாகாணத்துக்கு என்று எழுதியே இருக்கிறது. அந்த ஆசிரியைக்குச் சம்பளம் கொடுப்பதோ பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள திணைக்களம், அதுவும் மாகாணம் கொடுக்கிற கொடுப்பனவைவிட அதிகமாக. மூன்று பிள்ளைகளை வைத்துக் குடும்பம் பார்க்கிற ஒரு பெண் அதை விட்டுவிட்டு வா என்றால் எப்படி வருவாள்? இதைக் கல்வி அமைச்சரிடம் கேட்டால் மாகாண விடயம் என்பார், பாதுகாப்பு அமைச்சிடம் கேட்டால் வேலைவாய்ப்பு என்பார்கள். இரண்டு பேரிடமும் ஒரே அமர்வு வாரத்தில், ஒரே திகதிகளை வைத்து, தனித்தனி வினாவாகக் கேட்க வேண்டும். இரண்டு பதிலும் ஹன்சாட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் முரண்பாடு தானாகத் தெரியும்.

காணிக்கு வருகிறேன், அதுதான் உங்கள் கடிதத்தின் உயிர். எல்லாக் காணியும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 2013இல் 6,381 ஏக்கருக்குக் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டினார்களே, அது உறுதி வைத்திருக்கிற தனியார் காணி. அதன் கேள்வி வேறு: எந்தப் பொதுத் தேவைக்கு, எந்தத் திகதியில், எத்தனை ஏக்கர் திருப்பிக் கொடுத்தீர்கள், எத்தனை பேருக்கு நட்டஈடு. ஆனால் வன்னியில் முகாம் இருக்கிற இடங்களில் பெருமளவு அரச காணியும் உண்டு. அரச காணி மத்திக்கே உரியது என்று 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு எங்கள் ஆட்கள் பலர் அதோடு சோர்ந்துபோனார்கள். நான் சோரவில்லை. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் காணி பற்றிய இரண்டாவது பின்னிணைப்பைத் திறந்து பாருங்கள். மத்திக்கு ஒதுக்கப்பட்ட விடயத்துக்காக மாகாணத்தில் அரச காணியைப் பயன்படுத்தும்போது அரசாங்கம் அந்த மாகாண சபையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று இருக்கிறது. பாதுகாப்பு ஒதுக்கப்பட்ட விடயம்தான். அப்படியானால் கேள்வி இப்படி வர வேண்டும்:

(அ) 2013 ஒக்டோபர் தொடக்கம் 2018 ஒக்டோபர் வரை வடக்கு மாகாணத்தில் முப்படையினரின் தேவைக்குப் புதிதாகப் பயன்படுத்தப்பட்ட அரச காணியின் அளவு, பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக யாது? (ஆ) அவை ஒவ்வொன்றுக்கும் வடக்கு மாகாண சபை கலந்தாலோசிக்கப்பட்ட திகதி யாது? (இ) இன்றேல், ஏன்?

இந்த இடத்தில் 'எழவில்லை' என்று சொல்ல முடியாது. கலந்தாலோசித்தோம் என்றால் திகதி வேண்டும், இல்லை என்றால் காரணம் வேண்டும். வழக்கத்துக்கு ஒட்டப்படுகிற அந்த இரண்டு சொல் இங்கேதான் தன் வேலையைச் செய்கிறது.

படைகளை நிறுத்துவது பற்றியும் அப்படியே. 'ஏன் இவ்வளவு இராணுவம்' என்றால் தேசிய பாதுகாப்பு என்பார்கள், அதோடு முடிந்தது. 2011 ஓகஸ்டில் அவசரகாலம் நீங்கிய பிறகும், பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ் ஒழுங்கைப் பேணப் படைகளை அழைக்கும் கட்டளை பல காலம் மாதாமாதம் வர்த்தமானியில் வந்தது. எந்த மாவட்டத்துக்கு, எந்தத் திகதியில், பொலிஸாரால் சமாளிக்க முடியாத எந்தச் சம்பவத்துக்காக என்று கேளுங்கள். மாகாணத்துக்கான பொலிஸ் பிரிவு 1987இலிருந்து தாளில் மட்டும் இருக்கிறது, அதை ஏன் அமைக்கவில்லை என்பது தனி வினா. இராணுவத்தை 2030இல் ஒரு இலட்சமாகக் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் பாதுகாப்புத் தரப்பே அறிவித்தது. அந்தக் குறைப்பில் வடக்கின் படைத் தலைமையகங்களுக்கு எவ்வளவு பங்கு என்பதை ஒவ்வொரு வருடமும் வரவு செலவுத் திட்ட நேரத்தில் கேட்கலாம், எண் மாறுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அவகாசம் கேட்டார்களா? திகதியைக் குறித்து வையுங்கள், அன்றைக்கு மீண்டும் ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் அன்றைய அலுவல் பட்டியலில், வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உங்கள் எம்.பி.யின் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி. இதை நீங்கள் செய்யலாம், எந்தப் பதவியும் வேண்டாம்.

இன்னொன்றும் செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பிரதேச செயலகத்தில், உங்கள் கிராம அலுவலர் பிரிவில் படையினர் வசமுள்ள காணியின் அளவைக் கேட்டு ஒரு விண்ணப்பம் போடுங்கள். 14 வேலை நாளுக்குள் தருகிறோம், தரமாட்டோம் என்று ஏதாவதொன்றைச் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்தால் மேன்முறையீடு இருக்கிறது, மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். எண் வந்தால் அதை எம்.பி.யிடம் கொடுங்கள். கையில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அமைச்சரின் எண்ணைக் கேட்கிற மேலதிகக் கேள்வி வெறுங்கையோடு கேட்பது போல் இருக்காது.

விண்ணப்பத்தை எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள் தம்பி, சொற்களைச் சேர்ந்து பார்ப்போம்.