மான்விழியும் கோட்டை மானும்

அன்புள்ள ரீச்சர்,
சிறுகதை எழுதிப் பழகுகிறேன். என் பாத்திரங்களில் உயிர் இல்லை என்கிறார்கள். நல்ல வர்ணனைச் சொற்களை எங்கே தேடுவது? பட்டியல் ஏதும் வைத்திருக்கிறீர்களா? உவமை எத்தனை வரலாம்? பேச்சுத் தமிழில் எழுதலாமா? கதையை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகன், உப்புவெளி

அன்புள்ள தம்பி,
பட்டியல் இல்லை. உவமைக்குக் கணக்கும் கிடையாது. பேச்சுத் தமிழில் தாராளமாக எழுதும்.

கதையை வாசித்தேன். திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிற பெண்ணை 'மருண்ட மான்விழியாள்' என்கிறீர். உப்புவெளியில் இருந்துகொண்டா இப்படி எழுதுகிறீர்? அந்தக் கோயிலுக்குப் போகிற வழியில், பிரெட்ரிக் கோட்டை வாசலில் நிற்கிற மான்களில் எது மருள்கிறது? கையில் வாழைப்பழம் இருந்தால் பைக்குள்ளேயே மூக்கை விடும். நகரத்துக்குள் வந்து குப்பை கிளறுகிறதையும் பார்த்திருப்பீர். அந்த மானின் பார்வையை அவளுக்குக் கொடுத்திருந்தால் எனக்கு அவளைப் பிடித்திருக்கும்.

சரி, கரையில் நின்று வலை இழுக்கிற அந்தக் கரைவலைக் கட்டத்துக்கு வருவோம். 'கட்டுமஸ்தான, கம்பீரமான, களையான இளைஞன்.' யார் இப்படிப் பார்க்கிறார்கள்? வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு அவன், மீன் சேர்கிற வலைமடி கரைக்கு வருமுன்னம் கயிற்றை விடுகிறவன். கடைக்கார முதலாளிக்கு அவன் கொப்பியில் ஒரு கடன். தாய்க்கு, போன மாதத்தைவிட மெலிந்துபோன பிள்ளை. ஆள் ஒருவன்தான். சொல்லைத் தேடுமுன் பார்க்கிற கண் யாருடையது என்று முடிவு செய்யும். அது தெரியாமல் அகராதியைப் புரட்டி என்ன பயன்?

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே 'பாதை' என்கிற மிதவைப் படகில்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும். வாகனங்களும் சனங்களும் அதில் ஏறக் காத்து நிற்கும் நேரத்தில் மீன் விற்கிற பெண்களின் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருவரையும் கறுப்பு, சிவப்பு, நெட்டை என்று சொல்லமாட்டார்கள். 'செவுளைத் திறந்து பார்த்துப்போட்டு வாங்காமப் போறவர்', 'மிச்சக்காசை ரெண்டுதரம் எண்ணுற மனுசி'. அந்த மனுசியை நான் கண்டதே இல்லை. இன்று றோட்டில் வந்தால் அடையாளம் சொல்வேன். உம்முடைய கம்பீர இளைஞன் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தாலும் யாரென்று எனக்குத் தெரியாது.

திருப்பி எழுதி அனுப்பும். தாய் வருகிற கட்டத்தில் மட்டும் கை வைக்காதேயும். 'சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் சண்டை பிடித்தாள்' என்று எழுதியிருக்கிறீரே, அதை வாசித்துவிட்டுத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். அவளுக்கு முன்னால் ஒட்டியிருக்கிற 'பாசமிகு' என்பதை மட்டும் வெட்டும்.