மாயர் வீட்டு அடுப்படி: கேள்வி பதில்

கேள்வி: மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துப் பழைய நாகரிகத்து மக்களான மாயர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைத்தார்களாமே, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பா? எதற்கு?

பதில்: அதே நீர்த்த சுண்ணாம்புதான். மாயர்களின் தாழ்நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் பூமி. கல்லைச் சுட்டும் எடுக்கலாம், நத்தை ஓட்டைச் சுட்டும் எடுக்கலாம். முற்றிக் காய்ந்த மணியின் தோலை அது கழற்றிவிடும். அதைவிட முக்கியம், மணிக்குள் உடம்பில் சேராமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் சத்து விடுபடும். ஐரோப்பாவுக்கு மக்காச்சோளம் போனது, இந்தப் பக்குவம் கூடப் போகவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் சோளக்களியையே நம்பிக் கிடந்த ஏழைகளுக்கு நியாசின் குறைவால் பெலக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி தடுமாறும். மாயர் வீட்டுப் பெண்களின் கைப்பக்குவத்தை நான் அவர்கள் கட்டிய பிரமிடுகளுக்கு மேலாக வைப்பது இதனால்தான்.

கேள்வி: வீட்டில் செய்து பார்க்க அளவு சொல்லுங்களேன் சார்.

பதில்: இன்றைய அளவில் சொல்கிறேன். காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், உணவுத் தரச் சுண்ணாம்பு 10 கிராம். ஸ்வீட் கார்ன் ஆகாது. சுண்ணாம்பை முதலில் தண்ணீரில் கரைத்து, மணியைப் போட்டு, இளங்கொதியில் 30 முதல் 50 நிமிடம் வேகவிடுங்கள். மணி நல்ல மஞ்சளாகும். ஒன்றை எடுத்து இரு விரலுக்கு நடுவே தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். நடு மட்டும் இன்னும் கடிபட வேண்டும். இறக்கி மூடி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி அரையுங்கள்.

கூடுதலாக வெந்தால் மாவு பசையாகிக் கையில் ஒட்டும். சுண்ணாம்பு குறைந்தால் தோல் போகாது, மாவும் சேராமல் உதிரும். கூடினால் சோப்பு வாடையோடு கசக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். நீர்க்காத சுட்ட சுண்ணாம்பைத் தொடவே தொடாதீர்கள்; தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

கேள்வி: அந்த மாவில் தினமும் ரொட்டிதான் சுட்டார்களா?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் செவ்வியல் காலத்து (சுமார் கி.பி. 250 முதல் 900 வரை) தாழ்நில ஊர்களில் ரொட்டி சுடும் தட்டையான மண்சட்டி அரிதாகவே கிடைக்கிறது. ஓவியங்களில் தட்டு நிறைய இருப்பது உருண்டை உருண்டையான தமால். மாவுக்குள் பயறோ வான்கோழிக் கறியோ வைத்து, இலையில் சுற்றி ஆவியில் வேகவைப்பது. நம் இலைக் கொழுக்கட்டையின் பக்குவம். மெக்சிகோவில் உள்ள கலாக்முல் என்ற மாயர் நகரின் சுவரோவியத்தில் தமால்காரர், கூழ்காரர், உப்புக்காரர் என்று ஆளுக்கு ஆள் எழுத்தில் குறித்தே வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: சாக்லேட்டும் இவர்களுடையதுதானே அண்ணா?

பதில்: கட்டியாக அல்ல, பானமாக. கொக்கோ விதையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து, உமி நீக்கி அம்மியில் அரைத்து நீரில் கலக்குவார்கள். மிளகாயும் சோள மாவும் சேரலாம். நின்றுகொண்டு உயரத்திலிருந்து கீழே உள்ள பாத்திரத்தில் ஊற்றி நுரை எழுப்புவார்கள். நுரைதான் அதன் மதிப்பு. மத்தால் கடைவது ஸ்பானியர் வந்தபின் பரவியது; கரும்புச் சர்க்கரையும் அப்படியே. இனிப்பு வேண்டுமென்றால் கொடுக்கில்லாத தேனீயின் தேன். குவாத்தமாலாவின் ரியோ அசுலில் 1984இல் திருகு மூடி போட்ட ஒரு ஜாடி கிடைத்தது. மேலே ‘ககாவ்’, அதாவது கொக்கோ, என்று மாயர் எழுத்து, உள்ளே கொக்கோவின் எச்சம்.

கேள்வி: சாதாரண குடியானவர் வீடு எப்படி இருந்தது என்று எப்படித் தெரியும்?

பதில்: எல் சால்வடோரின் ஹோயா தே செரென் ஊரைப் பாருங்கள். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. 1976இல் புல்டோசர் மண் தள்ளியபோது வெளிப்பட்டது. படுக்கும் வீடு, சமையல் கொட்டகை, சாமான் அறை எல்லாம் தனித்தனிக் கட்டடம். மிளகாய் சரமாகத் தொங்கியிருக்கிறது. குழந்தை கைக்கு எட்டாதபடி கருங்கண்ணாடிக் கல்லில் செய்த கத்தியைக் கூரை ஓலையில் செருகியிருக்கிறார்கள். சாப்பிட்ட சட்டியில் விரலால் வழித்த தடம்கூட இருக்கிறது. மனித உடல் ஒன்றும் அந்த வீடுகளில் கிடைக்கவில்லை, தப்பியோடியிருக்க வேண்டும்.

கேள்வி: மாயர் வாழ்ந்த, ஆறு இல்லாத மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தில் குடிக்கத் தண்ணீர்?

பதில்: அங்குள்ள பூக் என்ற மேட்டுப் பகுதியில் ‘சுல்துன்’. பாறையில் குடுவை போலக் குடைந்த தொட்டி. வாய் குறுகல், வயிறு அகலம். முற்றத்தை அதன் வாயை நோக்கிச் சரிவாகத் தளமிட்டு மழைநீரை இறக்குவார்கள். உட்சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து. அதில் விரிசல் விட்டால் நீரைப் பாறை உறிஞ்சிவிடும், கோடை முழுக்கத் திண்டாட்டம். ஆகவே சாந்து பூச்சைச் சரியாக வைத்துக்கொள்வதே குடும்பத்தின் பிழைப்பு.

கேள்வி: அவர்கள் ஏன் மறைந்துபோனார்கள்?

பதில்: மறையவில்லை. கைவிடப்பட்டவை தெற்கு நகரங்கள். கிச்சே, யுகாத்தெக் முதலான மாயா மொழிகளை இன்றும் லட்சக்கணக்கானோர் பேசுகிறார்கள், சோளத்தையும் சுண்ணாம்பிலேயே ஊறவைக்கிறார்கள்.